பயணமா, கதை நேரமா, பள்ளி பீரோவா? சிறார் நூலகப் பணியில் ஆர்வமுள்ள மாணவர் குழு ஒரு செமஸ்டரை எதற்குக் கொடுக்கலாம்

நூலக அறிவியல் படிக்க வருகிற மாணவர்களில் சிலருக்கு ஒவ்வோர் ஆண்டும் சிறார் பக்கம் மனசு போகும். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்வார்கள். வாட்ஸ்அப்பில் குழுவுக்குப் பெயர் வைப்பார்கள், ஒரு சின்னம்கூட வரைந்துவிடுவார்கள். அதோடு தேங்கிவிடும். ஆளுக்கு ஒரு யோசனை சொல்வதும், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் செமஸ்டர் பாதி ஓடிவிடுவதும் வாடிக்கை. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். சில ஆண்டுகளாக இப்படிப்பட்ட குழுக்களோடு அலைந்திருக்கிறேன். கேட்டு வருகிறவர்களிடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஆளுக்கு ஒன்று சொன்னாலும் யோசனைகள் சுற்றிச் சுற்றி ஐந்துக்குள்தான் வரும்: ஒரு பெரிய நூலகத்துக்குப் பயணம், ஒரு சிறப்புரை, கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கதை நேரம், அரசுப் பள்ளியின் நூலகத்தைச் சீர்செய்து நடத்துவது, குழுவே உட்கார்ந்து சிறார் நூல்களைப் படிக்கும் வட்டம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

நான் முதலில் கேட்பது, அதே பிள்ளையை எத்தனை தடவை பார்ப்பீர்கள் என்று. ஒரு தடவை பார்த்த பிள்ளைக்கு உங்களுக்குப் பிடித்த புத்தகத்தைத்தான் கொடுப்பீர்கள். நாலாவது தடவை பார்க்கும்போதுதான் அந்தப் பிள்ளைக்குப் பிடித்த புத்தகம் எது என்று பிடிபடும். சிறார் நூலகர் வேலையே அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது அனுமதி. செமஸ்டருக்கு 90 வேலைநாள் என்று கணக்கு. உள்தேர்வு, பண்டிகை, ஊருக்குப் போகிற வாரம் எல்லாம் கழித்தால் உருப்படியாகக் கையில் நிற்பது எட்டிலிருந்து பத்து வாரம். அனுமதிக் கடிதத்துக்கே நாலு வாரம் போனால் அந்தத் திட்டம் பாதியாகிவிடும்.

காசு மூன்றாவது. எவ்வளவு என்பதைவிட யார் கையிலிருந்து என்பது முக்கியம். குழுவில் இரண்டு பேர் சத்தமில்லாமல் தங்கள் பையிலிருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். அது மூன்றாவது வாரம் மனத்தாங்கலாக வெளியே வரும்.

நீங்கள் போன பிறகு என்ன மிஞ்சும் என்பதையும், எந்த வயது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆறு வயதுக் குழந்தையும் பதினைந்து வயதுப் பையனும் நம் பேச்சில் ஒரே 'சிறுவர் பகுதி'. உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான இஃப்லா 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்குத் தனி வழிகாட்டுதலே வைத்திருக்கிறது. நம் ஊர் நூலகத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை உட்கார இடமில்லை. யானை, முயல் வரைந்த குட்டி நாற்காலியில் உட்காரக் கூச்சம். பெரியவர்கள் கூடத்துக்குப் போனால் அங்கே போட்டித் தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும் காலையிலேயே இடம் பிடித்திருப்பார்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு அட்டவணை:

| | ஒரு நாள் பயணம் | சிறப்புரை | கிளை நூலகக் கதை நேரம் | அரசுப் பள்ளி நூலகம் | வாசிப்பு வட்டம் |
|---|---|---|---|---|---|
| அதே பிள்ளையைப் பார்ப்பது | இல்லை | இல்லை | வந்தால் உண்டு, வருவது உறுதியில்லை | வாரா வாரம் உறுதி | இல்லை |
| அனுமதி | எளிது | மிக எளிது | ஓரிரு வாரம் | இழுக்கும் | தேவையில்லை |
| செலவு | அதிகம் (வண்டி, சாப்பாடு) | கொஞ்சம் | கொஞ்சம், ஆனால் வாரா வாரம் | நடுத்தரம் | ஏறக்குறைய இல்லை |
| பிறகு மிஞ்சுவது | படங்கள் | சான்றிதழ் | சில புது உறுப்பினர்கள் | திறந்திருக்கும் பீரோ (அல்லது மறுபடி பூட்டிய பீரோ) | குறிப்புச் சீட்டுகள் |
| பொருந்தும் வயது | எல்லாம் | - | 5 முதல் 10 | 9 முதல் 13 | எல்லாம் |

## ஒரு நாள் பயணம்

எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். சென்னைப் பக்கம் என்றால் கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். தெற்கே என்றால் மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டிலும் சிறுவர் பகுதியைப் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். அண்ணா நூலகத்தில் அந்தச் செயற்கை மரத்தடியில் நின்று படம் எடுக்காமல் திரும்பிய குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு வண்டி வாடகையில் இல்லை. திரும்பி வந்ததும் தங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் ஒற்றை அலமாரியைப் பார்த்து, 'பணம் இருந்தால்தான் சார் இதெல்லாம்' என்று மனசு விட்டுவிடுவார்கள். ஒரு குழு பயணத்தோடு கலைந்தே போனது.

போவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை போங்கள். வேலைநாளில் போனால் நாற்காலிகளைப் பார்ப்பீர்கள், பிள்ளைகளைப் பார்க்க முடியாது. சுற்றிக் காட்டச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ஒரு மணி நேரம் ஒரே அலமாரிக்கு எதிரில் உட்காருங்கள். புத்தகத்தை எடுப்பது பிள்ளையா, அம்மாவா? முதுகு மட்டும் தெரியும்படி அடுக்கியது நகர்கிறதா, அட்டை தெரியும்படி வைத்தது நகர்கிறதா? மூடுகிற நேரத்தில் மேசையில் சிதறிக் கிடப்பவை எவை? அந்தச் சிதறலைக் குறித்து வந்தால் பயணத்துக்குக் கொடுத்த காசு தேறும்.

புதிதாகச் சேர்ந்து, ஒருவர் பெயர் ஒருவருக்குச் சரியாகத் தெரியாத குழுவுக்கு இது நல்ல தொடக்கம். பஸ்ஸில் போய் வந்தால் பழகிவிடுவார்கள்.

## சிறப்புரை

அனுமதி ஒரே நாளில் கிடைக்கும், துறைத் தலைவருக்கும் மகிழ்ச்சி. கூடம், பொன்னாடை, தேநீர், நன்றியுரை, முடிந்தது. ஆகஸ்ட் 12, இந்திய நூலகவியலின் முன்னோடி ரங்கநாதன் பிறந்தநாளை ஒட்டிய தேசிய நூலகர் தினம். அதற்குத்தான் பெரும்பாலும் இது நடக்கும்.

அன்றைக்குப் பேச ஒரு விஷயம் தருகிறேன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகவியல் படிக்க லண்டன் போன ரங்கநாதனுக்கு வகைப்பாடு, அதாவது நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் முறை, சொல்லிக்கொடுத்தவர் பெர்விக் சேயர்ஸ். குராய்டன் ஊர் நூலகர். அவர் சிறார் நூலகங்களைப் பற்றியே ஒரு கையேடு எழுதியவர். ரங்கநாதன் பின்னால் உருவாக்கிய கோலன் வகைப்பாட்டின் வேரில் ஒரு சிறார் நூலக ஆர்வலர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை மாலை போடுகிற மேடையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பேச யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் இது நிற்கும், விழும். பேராசிரியரைக் கூப்பிட்டால் வரையறையில் தொடங்குவார். ஒரு கிளை நூலகரைக் கூப்பிட்டு, "போன ஞாயிறு காலையிலிருந்து மதியம் வரை என்ன நடந்தது, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். துறையின் நல்லெண்ணம் தேவைப்படுகிற குழு இதை ஒரு தடவை செய்துவிட்டு நகரலாம்.

## கிளை நூலகத்தில் கதை நேரம்

சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948-இல் இங்கேதான் வந்தது. இன்றும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி கட்டுகிறோம். அந்தக் காசில்தான் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் நடக்கின்றன. உங்கள் குழுவில் யார் வீட்டுக்குப் பக்கத்திலாவது ஒன்று இருக்கும். பெரும்பாலான கிளைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். அது உங்களுக்கு வசதி.

கடிதத்தோடு நேரே மாவட்ட நூலக அலுவலரிடம் போகாதீர்கள். முதலில் கிளை நூலகரைப் பாருங்கள், அவர் சரி என்றால் மேலே போவது சுலபம். வாசகர் வட்டத் தலைவர் என்று ஒருவர் இருப்பார், அநேகமாக ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரைப் பிடித்தால் பிள்ளைகள் வருவார்கள். தொடக்கத்தில் இருபது நிமிடம் அவரும் பேசுவார். அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். முதல் ஞாயிறு இருபது பிள்ளைகளுக்கு மேல் வந்தார்கள், தெரு டியூஷன் டீச்சர் அனுப்பிவைத்தது. எங்கள் மாணவி ஒரு நல்ல கதையைத்தான் எடுத்திருந்தாள், ஆனால் நீளம். படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து வந்திருந்தாள், அதுவும் ஏ4 தாளில். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து முன்னால் வந்து தாளில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நரியா நாயா?" என்றான். அதோடு கதை போச்சு. அடுத்த ஞாயிறு ஏழெட்டுப் பேர்தான்.

மூன்றாவது வாரம் அவளே ஒரு மாற்றம் செய்தாள். நூலகத்திலேயே இருந்த புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். கதை உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்தி, "மீதி இதுலயே இருக்கு" என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டாள். மூன்றாம் வகுப்பு படிக்கிற ஒரு பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டது.

அந்த இடத்தில்தான் நாங்கள் மாட்டினோம். அந்தப் பிள்ளை உறுப்பினர் இல்லை. படிவம் வேண்டும், காப்புத்தொகை கட்ட வேண்டும். பெரிய தொகை இல்லைதான், ஆனால் அம்மா ஞாயிறும் வேலைக்குப் போகிறவர். கதை நேரத்தின் மறைமுகச் செலவு இதுதான்: கதையைக் கேட்ட பிள்ளை புத்தகத்தோடு வீட்டுக்குப் போகவில்லையென்றால் நீங்கள் நடத்தியது பொழுதுபோக்கு நிகழ்ச்சி. முதல் வாரமே ஒரு கட்டு உறுப்பினர் படிவத்தோடு உட்காருங்கள். காப்புத்தொகைக்கென்று கொஞ்சம் பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். சார்ட் பேப்பர், வண்ணப் பேனா, பலூன் ஆகியவற்றுக்குப் போகிற காசு அதற்குப் போகட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, சத்தம். கூடத்தில் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இருப்பார்கள். எங்களிடம் ஒரு தம்பி வந்து, கோபமே இல்லாமல், "குரூப் 4 அடுத்த மாசம்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றே வராந்தாவுக்கு மாறினோம். மழைக்காலத்தில் வராந்தாவும் கிடையாது. இரண்டாவது, ஞாயிறு. விடுதி மாணவர்கள் ஊருக்குப் போவார்கள். பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் எந்த ஞாயிறும் நாலு பேருக்கு மேல் தேறாது. நாலு பேருக்கே திட்டம் போடுங்கள், ஐந்தாவது ஆள் வந்தால் லாபம்.

பதின்பருவத்தினர் கதை நேரத்துக்கு வர மாட்டார்கள். கூப்பிடவும் வேண்டாம். வேலை கொடுத்தால் வருவார்கள். 'அலமாரி அடுக்க ஆள் வேண்டும்', 'சின்னப் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும், நீயே பத்து எடு' என்று கேட்டால் எட்டாம் வகுப்புப் பிள்ளை நிமிர்ந்து நிற்கும். எங்களுக்கு அமைந்த இன்னொன்று, 'எனக்குப் பிடிக்காத புத்தகம்' என்று பேசச் சொன்னது. பிடித்ததைச் சொல்லச் சொன்னால் பள்ளிக்கூடப் பதில் வரும். பிடிக்காததைச் சொல்லச் சொன்னால் உண்மையில் படித்தவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

குழுவில் இரண்டு பேராவது நூலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்து, எட்டு ஞாயிறு தொடர்ந்து கொடுக்க முடியும் என்றால் இதை எடுங்கள். மூன்று ஞாயிறுதான் முடியும் என்றால் தொடங்காதீர்கள். நாலாவது ஞாயிறும் வந்து வாசலில் நிற்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும்.

## அரசுப் பள்ளி நூலகம்

அதே முகங்கள் வாரா வாரம் கிடைப்பது இங்கே மட்டும்தான். நூலகப் பாடவேளை என்று கால அட்டவணையில் ஒன்று இருக்கிறது. பல பள்ளிகளில் அதைக் கணக்குப் பாடம் தின்றுவிடும். அந்த ஒரு பாடவேளையை உங்களிடம் கொடுத்தால் தலைமை ஆசிரியருக்கும் நிம்மதி.

ஆனால் போகும் வழி நீளம். தலைமை ஆசிரியர் சம்மதித்தாலும் மேலே கல்வி அலுவலகத்திலிருந்து எழுத்தில் வர வேண்டும் என்பார், அவர் சொல்வது நியாயம்தான். பள்ளி நாட்காட்டியையும் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பொங்கலுக்குப் பிறகு பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் கிட்ட நெருங்க முடியாது. ஆறு, ஏழு வகுப்புகள்தான் சரி.

நாங்கள் போன பள்ளியில் நூலகம் என்பது ஆசிரியர் அறையில் இருந்த இரண்டு பச்சை பீரோ. சாவி ஒரு ஆசிரியையிடம். அவர் அன்று விடுப்பு. அடுத்த வாரம் திறந்தபோது அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே அறுநூறு புத்தகத்துக்கு மேல், பாதிக்கு மேல் யாரும் பிரித்துப் பார்க்காதவை. சில பக்கங்கள் ஓரம் வெட்டாமல் ஒட்டியே இருந்தன. எங்கள் மாணவர் ஒருவர் உற்சாகமாகி, "சார், முழுசையும் டூயி முறைப்படி வகைப்படுத்திடலாம்" என்றார். பொருள்வாரியாகத் தசம எண் கொடுத்து அடுக்குகிற முறை அது. அறுநூறு புத்தகத்துக்கு எதற்கப்பா தசம எண்? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டியது தன்னால் படிக்க முடிவது எது என்று தெரிவதுதான். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நூல்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று நாலாகப் பிரித்திருக்கிறதே, அந்தப் பெயர்களையே எடுத்துக்கொண்டு நாலு நிற ஒட்டுத்தாள் போட்டோம். மூன்று சனிக்கிழமை ஆனது, ஒருவருக்குத் தூசியில் மூச்சிரைப்பு வந்தது. முகக்கவசம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பீரோ ஏன் பூட்டியே இருந்தது? அந்த ஆசிரியைக்குப் படிப்பில் வெறுப்பு இல்லை, பயம்தான். பதிவேட்டில் இருக்கிற எண்ணிக்கை பீரோவில் குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இதை யாரும் உங்களிடம் நேராகச் சொல்ல மாட்டார்கள். பதிவேட்டைச் சரிபார்த்து, கிழிந்ததையும் காணாததையும் முறைப்படி பட்டியலிட்டு, தலைமை ஆசிரியர் கையெழுத்தோடு அவரிடம் கொடுங்கள். எங்களுக்கு அந்தப் பட்டியலுக்குப் பிறகுதான் சாவி தாராளமாகக் கிடைத்தது. நீங்கள் வகுப்பில் படிக்கிற இருப்புச் சரிபார்ப்பு உண்மையில் ஒருவர் தூக்கத்தைக் காப்பாற்றுகிற இடம் இது.

பள்ளிக்கு வரும் சிறார் இதழ்களையும் தேடிப் பாருங்கள். நாலு, ஐந்தாம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு'. கட்டுப் பிரிக்காமல் ஒரு மூலையில் இருக்கலாம். மெல்லிய இதழ், தொலைந்தாலும் யாரும் திட்டப்போவதில்லை. அதனால் வீட்டுக்கு அனுப்புவதற்கு முதலில் அதையே எடுங்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இங்கே பிள்ளைகள் வருவது மணி அடித்ததால். கிளை நூலகத்துக்கு வருகிற பிள்ளை சலித்தால் எழுந்து போய்விடும், இங்கே போக முடியாது. நீங்கள் நன்றாகச் செய்கிறீர்களா என்று இங்கே எளிதில் தெரியாது. அப்புறம், எட்டாம் வகுப்போடு முடியும் நடுநிலைப் பள்ளி என்றால் பொறுப்பை எட்டாம் வகுப்பில் கொடுக்காதீர்கள், அடுத்த ஆண்டு அவர்கள் இருக்க மாட்டார்கள். ஏழாம் வகுப்பில் இரண்டு பேரைப் பிடித்து, ஒரு நோட்டில் யார் எதை எடுத்தார்கள் என்று எழுதப் பழக்கினால் பீரோ திறந்திருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டு செமஸ்டர் கையில் இருக்கிற குழுவுக்கும், துறைக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிற குழுவுக்கும் இது பொருந்தும்.

## நாமே படிக்கிற வட்டம்

இதைச் சொன்னால் முகம் சுருங்கும். அப்போது ஒன்று கேட்பேன்: கடந்த பத்து ஆண்டில் தமிழில் வந்த சிறார் நூல் ஐந்து சொல்லுங்கள். சின்ன வயதில் பாட்டி வாங்கிக் கொடுத்ததைச் சொல்வார்கள், அதோடு நிற்கும். மருந்தின் பெயர் தெரியாமல் மருந்துக்கடை வைத்த கதை.

செய்வது சுலபம். வாரம் ஒரு மணி நேரம். ஆளுக்கு இரண்டு புத்தகம் படித்து வர வேண்டும், ஒன்றை உரக்கப் படிக்க வேண்டும். கிளை நூலகத்தில் எடுக்கலாம். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சீட்டு: உரக்கப் படிக்க எத்தனை நிமிடம், படம் எத்தனை அடி தூரத்திலிருந்து தெரியும், எந்தப் பக்கத்தில் சிரிப்பார்கள், எந்தச் சொல்லில் தடுக்குவார்கள், எந்தப் பிள்ளைக்கு இது ஆகாது. பத்துப் பேர், பத்து வாரம் என்றால் இருநூறு சீட்டு சேரும். ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகவியல் ஐந்து விதிகளில் மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது, தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வி. கையில் இருநூறு சீட்டு இருந்தால் அது நடக்கிற காரியம்.

குறை என்னவென்றால், பிள்ளை ஒருவரையும் பார்க்க மாட்டீர்கள். நாலாவது வாரம் கூட்டம் பாதியாகும். யாராவது ஒருவர் திறனாய்வுக் கட்டுரை வாசிக்கத் தொடங்குவார், மற்றவர்கள் செல்போனைப் பார்ப்பார்கள். சீட்டுக்கு மேல் எழுதக் கூடாது என்று சட்டம் போடுங்கள்.

## எதை எடுத்தாலும்

பிள்ளைகளோடு எப்போதும் இரண்டு பேராக இருங்கள், பெரியவர்கள் கண்ணில் படும் இடத்தில். வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கிளம்பாதீர்கள், மழையாக இருந்தாலும். 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரும் 2012 போக்சோ சட்டத்தின்படி குழந்தைகள்தான், பத்தாம் வகுப்புப் பையனும் சேர்த்து. பெற்றோரிடம் கேட்காமல் பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை ஸ்டேட்டஸில் போடுவது எங்கள் குழுவில் ஒருவர் செய்த தவறு. ஒரு தந்தை வந்து கேட்டார், கேட்டதில் தப்பே இல்லை. அதிலிருந்து புத்தகம் பிடித்த கைகளை மட்டும் படம் எடுக்கிறோம்.

## நானாக இருந்தால்

பன்னிரண்டு பேர், ஒரு செமஸ்டர், துறையிலிருந்து பெரிய பணம் இல்லை என்றால், முதல் இரண்டு வாரம் வாசிப்பு வட்டம் மட்டும் நடத்துவேன். அதற்குள் கிளை நூலகத்துக்குக் கடிதம் போய் அனுமதி வந்துவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து எட்டு ஞாயிறு, நாலு நாலு பேராக. வட்டத்தை நிறுத்த மாட்டேன். ஞாயிறு எந்தப் புத்தகம் விழுந்தது, எது எழுந்தது என்று புதன்கிழமை சீட்டில் திருத்தி எழுத வேண்டுமே. பள்ளி வேலையை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளி, அதற்கான கடிதத்தை இப்போதே கொடுத்துவைப்பேன். பயணம் போக ஆசையாக இருந்தால் கடைசியில் போகலாம். எட்டு ஞாயிறு பிள்ளைகளோடு உட்கார்ந்த பிறகு அந்த மரத்தடியில் நின்றால் கண் மரத்துக்குப் போகாது, அடியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளையின் கையில் என்ன புத்தகம் என்றுதான் போகும்.

கடைசி ஞாயிறு சீட்டுகளைத் துளை போட்டு நூலில் கோத்துக் கிளை நூலகரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும், ஜூனில் அடுத்த குழு வந்து கேட்கும்.